ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடித்த வண்டி: பிளக் குழிக்குள் புகுந்த மழைத் தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரிப் பக்கம் வண்டிகளுக்கு வரும் கோளாறில் பாதி தண்ணீரால்தான் வரும். ஹாரன் கம்மிப்போகும், ஹெட்லைட்டுக்குள் ஆவி படியும், கதவு ஸ்விட்ச் கோளாறாகி உள்லைட் அணையாமல் எரியும். அவையெல்லாம் நாலு நாள் வெயில் கண்டால் தானாகச் சரியாகிவிடும். இந்தத் தடவை வந்தது அப்படிப் போகவில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கில் லேசாக ஒரு நடுக்கம். கொஞ்ச தூரம் ஓடியதும் அது மறைந்துவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. மேட்டுப்பாளையம் போய்விட்டுத் திரும்பும்போதுதான் சேதி தெரியும். குஞ்சப்பனை தாண்டி ஏற்றத்தில் மூன்றாவது கியர் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னும். காலை எடுத்தால் அமைதி. இரண்டாவது கியருக்கு இறக்கி மெதுவாக ஏறினால் பிரச்சினையே இல்லாத மாதிரி வீடு வந்து சேரும்.

வண்டி ஒரு பழைய கார். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் வகை. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த அமைப்பு உள்ள எந்த வண்டியிலும் பிளக்குகள் என்ஜினை மேலே மூடும் டாப் கவரின் நடுவில், ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவான குழிகளுக்குள் இருக்கும். அந்தக் காலத்து அம்பாசடரில் பிளக் என்ஜினின் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி நிற்கும். நனைந்தால் துணியால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இதில் பிளக்கைப் பார்க்கவே காயிலைக் கழற்ற வேண்டும்.

கேட்டவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோல் பம்ப் வீக், இன்ஜெக்டர் அடைப்பு, கிளட்ச் தேய்மானம், பெட்ரோலில் தண்ணீர். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால், டயர் பஞ்சர் ஆனால்கூட எத்தனாலைத் திட்டும் காலம் இது. ஊட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்க்காமலே பெட்ரோல் பம்ப் மாற்றச் சொன்னார்கள். ஏற்றத்தில் இழுவை இல்லை என்றால் பம்ப் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் பம்ப் வீக்கானால் வண்டி மொத்தமாக மூச்சுத் திணறும். நான்கு சிலிண்டருக்கும் சேர்ந்தே பெட்ரோல் குறையும். என் வண்டி அடித்த அடி அப்படி இல்லை. சீரான இடைவெளியில் ஒரே ஒரு கால் இடறும் நடை. வீட்டில் ஒரு மோட்டார் சத்தத்தைப் பல வருடம் கேட்டவருக்கு அதில் ஒரு துடிப்பு விட்டுப்போவது காதிலேயே தெரிந்துவிடும்.

காதை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஸ்டீயரிங்குக்குக் கீழே, கோளாறுக் கோட் படிப்பதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகி போனில் பார்த்தேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண அடாப்டர் போதும். பி 0303 என்று ஒரே ஒரு கோட். ஒரு சிலிண்டர் பற்றாமல் விட்டுப்போகிறது, அதாவது மிஸ் அடிக்கிறது என்று அர்த்தம். கடைசி எண்தான் சிலிண்டர் நம்பர். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், 0304 என்றால் நான்காவது. எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் எல்லாவற்றிலும் மாறிமாறி விட்டுப்போனால் பி 0300 வரும். பெட்ரோல் கெட்டது, பம்ப் வீக், எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்பவை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கைகாட்டும். எனக்கு மூன்றாவது மட்டும். அதனால் பம்ப் பேச்சு அங்கேயே முடிந்தது.

என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்கு இது எப்படித் தெரிகிறது என்றால், ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஒரு துளி வேகம் எடுக்கும். எந்த முறையில் அந்த வேகம் எடுக்கவில்லை என்பதைக் கிராங்க் சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். செக் என்ஜின் லைட் நிலையாக எரிந்தால் சாவகாசமாகப் பார்க்கலாம். மின்னினால் காத்திருக்கக் கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிய ஆரம்பிக்கும். அதன் உள்ளே உள்ள தேன்கூட்டுக் கல் உருகிவிட்டால், நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை பல்லாயிரத்துக்குப் போய் நிற்கும்.

டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பெட்ரோல் கணக்கு எழுதத்தான். இந்தக் கோளாறு ஆரம்பித்ததும் அதிலேயே ராத்திரி மழை உண்டா இல்லையா, வண்டியை எங்கே நிறுத்தினேன், காலையில் நடுக்கம் இருந்ததா என்று ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். மழை பெய்த மறுநாள் எல்லாம் நடுக்கம் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. நல்ல மழைக்கு மறுநாளும் சில சமயம் வண்டி கெட்டியாக ஓடியது. அது ஏன் என்பது பின்னால்தான் புரிந்தது. ஆனால் வறண்ட நாட்களில் ஒரு தடவைகூட வரவில்லை என்பது மட்டும் நோட்டில் தெளிவாக இருந்தது. அப்புறம் என்ன, பானட்டைத் திறக்க வேண்டியதுதான்.

என்ஜின் முழுதாக ஆறிய பிறகு, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் வேலையை ஆரம்பித்தேன். இக்னிஷன் ஆஃப், சாவி கையில். மேலே அழகுக்காக மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியதும் கீழே வரிசையாக நான்கு காயில்கள். பெல்ட் இருக்கும் பக்கம் முதல் சிலிண்டர் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்றாவது காயிலின் கப்ளரை நாக்கை அழுத்தி உருவி, 10 நம்பர் போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாக இடம் வலம் திருகி மேலே இழுத்தேன். ‘ப்ளக்’ என்று ஈரச் சத்தத்தோடு வந்தது. காயிலுக்கு அடியில் பிளக்கைப் போர்த்தி நிற்கும் ரப்பர் உறைக்குப் பூட் என்று பெயர். அந்தப் பூட்டின் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் கடைசி இரண்டு சுற்றும் செம்மண் நிறத்தில் துரு.

குழிக்குள் டார்ச் அடித்தால் அடியில் பிளக்கின் அறுகோணம் தெரிய வேண்டும். அதற்குப் பதிலாக டார்ச் வெளிச்சம் வட்டமாகத் திரும்பி முகத்தில் அடித்தது. ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு நனைந்திருந்தது. மற்ற மூன்று குழிகளும் காய்ந்து, தூசியோடு இருந்தன.

குழியில் நிற்பது எல்லாமே மழைத் தண்ணீராக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ஜின் ஆயிலும் நிற்கலாம். டாப் கவருக்கு அடியில் பிளக் டியூபைச் சுற்றியுள்ள சீல் இறுகிப்போனால் ஆயில் குழிக்குள் இறங்கும். கூலன்ட்டும் நிற்கலாம், தெர்மோஸ்டாட் பக்கமோ ஹீட்டர் ஹோஸிலோ ஒழுகினால் அது கவர் மேல் வழிந்து பள்ளத்தைத் தேடிப் போகும். வெள்ளை டிஷ்யூ பேப்பரின் நுனியை நனைத்துப் பார்த்தால் மூன்றும் பிரிந்துவிடும். ஆயில் மஞ்சள் பரவலாகக் காயாமல் நிற்கும். கூலன்ட் பச்சையோ ரோஸ் நிறமோ காட்டும், விரலில் வழவழக்கும், ஒரு தித்திப்பு வாசனை இருக்கும். என் டிஷ்யூவில் துருவின் பழுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீர். ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் அளவும் குறையவில்லை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஸ்பேனரை விடக் கூடாது. தண்ணீர் நிற்கும்போது பிளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீர், அடியில் கிடக்கும் மணல், துரு எல்லாம் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கும். மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சின் முனையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூபில் ஒரு துண்டைச் செருகி உறிஞ்சி எடுத்தேன். மிச்சத்தை ஈர்க்குச்சியில் சுற்றிய டிஷ்யூவால் ஒற்றினேன். கடைசியாக சைக்கிள் பம்பின் முனையில் அதே டியூபை மாட்டி ஊதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊத வேண்டும். குழி ஆழமாக இருப்பதால் உள்ளே போன காற்று அடியில் உள்ள மண்ணை அள்ளிக்கொண்டு நேராக ஊதுகிறவன் முகத்துக்குத்தான் வரும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் கிடைத்தால் இன்னும் வேகமாக முடியும், கண்ணுக்கு ஆபத்தும் அதே அளவுக்குக் கூடும்.

பிளக் வெளியே வந்தது. எலெக்ட்ரோடு பக்கம் பார்த்தால் பெரிய குறை இல்லை, மற்றவற்றைவிடக் கொஞ்சம் கருப்பாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தது. எரியாமல் விட்டுப்போன சிலிண்டரின் பிளக் அப்படித்தான் இருக்கும். விஷயம் இருந்தது மேல் பக்கத்தில். வெள்ளைப் பீங்கானில், உச்சியில் உள்ள டெர்மினலிலிருந்து கீழே இரும்புக் கூடு வரைக்கும், மயிரிழை அகலத்தில் ஒரு கருப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. பூட்டின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிதுக்கிப் பார்த்தால், அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே ரப்பரிலும் அதே மாதிரி ஒரு தடம், அதன் முடிவில் வெந்து சாம்பல் நிறமான ஒரு புள்ளி.

அந்தக் கோட்டைப் பீங்கானின் அடியில் சிலசமயம் தெரியும் பழுப்பு வளையத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரும்புக் கூடும் பீங்கானும் சேரும் இடத்தில் சுற்றிலும் புகை படிந்த மாதிரி ஒரு பழுப்புக் கறை இருக்கும். உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றில் உள்ள எண்ணெய்த் தூசியை ஈர்த்து ஒட்ட வைப்பதால் வருவது. காஸ் லீக் என்று நினைத்து நல்ல பிளக்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. வளையம் இருந்தால் பரவாயில்லை. மேலிருந்து கீழாக ஓடும் கோடுதான் வில்லன்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் அடித்தது என்பதற்கான விடையும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 20,000, 30,000 வோல்ட் வரைக்கும் ஏற்றிக் கொடுக்க முடியும். ஆனால் எப்போதும் அவ்வளவு ஏறாது. பிளக் நுனியில் உள்ள ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட அந்த இடைவெளியைத் தாண்டுவது கஷ்டம். ஐடிலிங்கில், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, உள்ளே காற்று குறைவு, அழுத்தம் குறைவு, சின்ன வோல்ட்டேஜிலேயே பொறி விழுந்துவிடும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தினால் த்ராட்டில் முழுக்கத் திறக்கும், சிலிண்டர் நிறையக் காற்று வந்து நெருக்கும், தேவைப்படும் வோல்ட்டேஜ் மேலே மேலே போகும். அப்போது அந்த மின்சாரத்துக்கு இரண்டு வழி. ஒன்று, சிலிண்டருக்குள் நெருக்கமான காற்றைக் கிழித்துக்கொண்டு போவது. இன்னொன்று, வெளியே ஈரமான பீங்கான் மேல் வழுக்கிக்கொண்டு நேராக எர்த்துக்கு ஓடுவது. சுலபமானதைத்தானே அது எடுக்கும்! அப்படி வழுக்கி ஓடும் ஒவ்வொரு தடவையும் பீங்கான் மேல் உள்ள அழுக்கு கருகிக் கரியாகிறது. கரி மின்சாரம் கடத்தும். அடுத்த தடவைக்குப் பாதை இன்னும் நன்றாகப் போட்டுத் தயாராக இருக்கும்.

பீங்கானில் வரிவரியாக மேடு பள்ளம் வைத்திருப்பதே இந்த வெளிப்பாதையின் நீளத்தைக் கூட்டத்தான். இங்கே இன்னொரு சங்கடமும் சேர்கிறது. காற்று எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு அது மின்சாரத்தைத் தடுக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல். அதனால் பிளக்குக்கு வெளியே மின்சாரம் தாண்டுவது கீழ்நாட்டைவிட மலையில் சுலபம். கோயம்புத்தூரில் தெரியாமல் போகிற ஈரம் இங்கே அடித்துக் காட்டிவிடும்.

என்ஜின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாதா என்று கேட்கலாம். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜின் தலைப்பகுதியும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் ஓடுகிறது. ஆகவே ஆவியாகத்தான் செய்யும். ஆனால் மேலே காயில் மூடி, ரப்பர் வளையம் அழுத்தி நிற்கிறது. ஆவி மேலே எழும்பி, கொஞ்சம் ஆறின பூட்டிலும் காயிலின் அடியிலும் துளியாகப் படிந்து, திரும்பக் கீழே வடியும். ஓடும்போது அடித்தண்ணீர் பீங்கானைக்கூடத் தொடாமல் இருந்திருக்கலாம். அந்த ஆவிதான் மேலே ஏறிப் பீங்கானை நனைத்துக் காரியத்தைக் கெடுக்கிறது. சும்மா ஓட்டிக் காயவைத்துவிடலாம் என்பது இந்தக் குழியில் நடக்காது.

பிளக்கையும் பூட்டையும் எடுத்துக்கொண்டு எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். ஜீப்பிலிருந்து தேயிலை லாரி வரைக்கும் பார்க்கிறவர். பூட்டைப் பிதுக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“தண்ணியை எடுத்துட்டீங்க, சரிங்ணா. இந்தக் கோடு இருக்கிற வரைக்கும் காய்ஞ்ச வண்டியும் மிஸ் அடிக்குமுங்க.”

“எமரி பேப்பர்ல தேய்ச்சா?”

“பிளக்குல தேய்க்கலாமுங்க. ரப்பருக்குள்ள போனதை எப்படித் தேய்ப்பீங்க? காயிலை மட்டும் இப்ப மாத்தாதீங்க. முதல்ல பூட்டு, பிளக்கு. அப்புறமும் வந்தா காயிலைப் பார்த்துக்கலாம்.”

காயிலோடு சேர்த்துத்தான் வரும் என்று முதலில் ஒரு கடையில் சொன்னார்கள். பல வண்டிகளுக்கு ஸ்பிரிங்கோடு சேர்ந்த ரப்பர் பூட் தனியாகக் கிடைக்கும். எனக்குக் கோவையில் ஒரு ஸ்பேர் கடையில் கிடைத்தது. பிளக் எப்படியும் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டியிருந்ததால் நான்கையும் வாங்கினேன். பூட் மூன்றாவதற்கு மட்டும்.

மாட்டும்போது சில விஷயங்கள். புதுப் பிளக் பெட்டியிலிருந்து வந்தது என்பதற்காக நுனி இடைவெளியைப் பார்க்காமல் மாட்ட வேண்டாம். கீழே விழுந்த பெட்டியாக இருந்தால் நுனி வளைந்து இடைவெளி அடைபட்டிருக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் போதும். குழிக்குள் பிளக்கை ஸ்பேனரால் இறக்கக் கூடாது. பழைய பூட் ரப்பரின் நுனியிலோ கொஞ்சம் ஹோஸ் துண்டிலோ பிளக்கின் தலையைச் செருகி, விரலால் சுற்றித்தான் மரையில் ஏற்ற வேண்டும். என்ஜின் தலை அலுமினியம். மரை குறுக்கே ஏறினால் ரப்பர் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். ஸ்பேனர் காட்டிக்கொடுக்காது, மரையை அறுத்துவிட்டுத்தான் நிற்கும். விரலால் முழுக்க இறுகிய பிறகு, வாஷர் உள்ள புதுப் பிளக்கானால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. மரைக்குப் பெரும்பாலும் 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும். கையேட்டில் உள்ளதே இறுதி. மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு. கிரீஸ் இருந்தால் அதே கை பலத்துக்கு மரை அதிகமாக இறுகிவிடும், வேண்டாம்.

கிரீஸ் தடவ வேண்டிய இடம் பூட். அதுவும் சாதாரண கிரீஸ் கிடையாது, மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸ் என்று சின்ன டியூபில் வரும். பூட்டின் உள்விளிம்பில் பீங்கானைப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய பூச்சு. ஈரத்தை உள்ளே விடாது, அடுத்த தடவை பூட் பீங்கானோடு ஒட்டிக் கிழியாமலும் வரும். ஸ்பிரிங் தொடும் டெர்மினல் முகத்தில் அப்பிவைக்கத் தேவையில்லை.

காயில் நல்லதா என்று தெரிந்துகொள்ள மூன்றாவது காயிலைப் புதுப் பூட்டோடு முதல் சிலிண்டருக்கும், முதல் காயிலை மூன்றாவதற்கும் மாற்றி மாட்டினேன். காயில் கெட்டிருந்தால் கோட் 0303 போய் 0301 வரும். போனில் அந்தக் கோட் பதிவை அழித்துவிட்டு மறுநாள் கீழே இறங்கி, குஞ்சப்பனையிலிருந்து வேண்டுமென்றே மூன்றாவது கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஏற்றினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் என்ன நினைத்தாரோ. ஒரு வெட்டுகூட இல்லை. காயில் பிழைத்தது, ஆயிரக்கணக்கில் போக வேண்டிய பணம் பையிலேயே இருந்தது. இரண்டு காயிலையும் பழையபடி அதனதன் இடத்தில் மாட்டிவிட்டேன்.

இத்தோடு வேலை முடியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மழைக்கு முன்னால் வண்டிக்கு வாட்டர் வாஷ் கொடுத்திருந்தேன். பானட்டைத் திறந்து பிரஷர் கன்னால் என்ஜின் மேல் அடித்தார்கள். முதல் சந்தேகம் அங்கேதான் போனது. ஆனால் வாஷில் போன தண்ணீர் மட்டும் என்றால் ஒரு தடவை உறிஞ்சி எடுத்ததும் கதை முடிந்திருக்க வேண்டும். பிளக் மாற்றி, ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காயிலைத் தூக்கி டிஷ்யூ விட்டுப் பார்த்தால் மறுபடி ஈரம். வண்டி அப்போது மிஸ் அடிக்கவில்லை; புதுப் பீங்கானும் கிரீஸும் தாங்கிக்கொண்டிருந்தன. விட்டுவைத்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

தகரக் கூரை ஒழுகும் வீட்டில் இருந்தவருக்குத் தெரியும், சொட்டு விழும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று. மூன்றாவது காயில் மேல் நேராக மழை விழ வழியே இல்லை. மேலே பானட் இருக்கிறது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். அப்போதுதான் ‘எங்கே நிறுத்தினேன்’ என்ற பத்தி பேச ஆரம்பித்தது. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே. நேராக இறக்கி நிறுத்தினால் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும். ரிவர்ஸில் இறக்கினால் மூக்கு மேட்டைப் பார்க்கும். மழை ராத்திரியில் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்ற மறுநாட்களில்தான் நடுக்கம். மேட்டைப் பார்த்து நின்ற நாட்களில், எவ்வளவு கொட்டியிருந்தாலும், இல்லை.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் இடத்தில் கருப்புப் பிளாஸ்டிக் ஜாலி இருக்கும். கண்ணாடியில் வழியும் மழை முழுக்க அதற்குள்தான் இறங்கும். உள்ளே நீளமான ஒரு வாய்க்கால். இரண்டு கோடியிலும் துளை. அது வழியாகத் தண்ணீர் டயர் பக்கம் போய் வெளியே கொட்டும். ஜாலியின் க்ளிப்புகளைக் கழற்றித் தூக்கினால், உள்ளே சில்வர் ஓக் இலையும் சைப்ரஸ் இலையும் மக்கிக் கருப்பு மண்ணாகியிருந்தது. ஒரு செடி முளைவிட்டிருந்தது என்றால் நம்புவீர்களா? டிரைவர் பக்கத் துளை சுத்தமாக அடைபட்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில்தான் இங்கே பாதி வண்டிகள் நிற்கின்றன. அந்த இலை காய்ந்தால் கைநிறைய நாராக உதிரும்.

அடைபட்டதும் தண்ணீர் வாய்க்காலில் தேங்கும். மூக்கு மேடாக இருந்தால் தேக்கம் கண்ணாடிப் பக்கம் சாயும். அப்போதும் நிறைந்து வழிந்தால் ஏசி காற்று போகும் வாய் வழியாக வண்டிக்குள் இறங்கி, முன்சீட்டுக் காலடி மிதியடியை நனைக்கும். அந்த மிதியடி எப்போதாவது காரணமில்லாமல் ஈரமாக இருந்தால் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். மூக்கு பள்ளமாக இருந்தால் தேக்கம் என்ஜின் பக்க விளிம்பைத் தாண்டும். அந்த விளிம்பு என்ஜினுக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு ரப்பர் பட்டை பானட்டோடு அழுந்தி நிற்க வேண்டும்.

ஊகத்தோடு நிற்கப் பிடிக்கவில்லை. வண்டியை வழக்கம்போல மூக்கு பள்ளமாக நிறுத்தி, துளையை அடைபட்டபடியே விட்டு, டாப் கவர் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். வீட்டில் ஒரு பார்வை கிடைத்தது, பரவாயில்லை. பானட்டை மூடி, கண்ணாடி மேல் மக்கில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், வெள்ளைப் பவுடரில் ஒரு கருப்பு ஓடை தெளிவாகத் தெரிந்தது. பின்பக்கம் ரப்பர் பட்டை நசுங்கி வாய் பிளந்திருந்த ஒரு இடத்துக்கு நேர் கீழே ஆரம்பித்து, கவரின் சாய்வில் முன்னோக்கி வந்து, இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சேர்ந்து, நேராக மூன்றாவது காயிலின் அடிவாரத்தில் போய் முடிந்தது. மற்ற காயில்களைச் சுற்றிப் பவுடர் அப்படியே இருந்தது. மூன்றாவது காயிலின் அடியில் உள்ள ரப்பர் வளையமும் கல் மாதிரி இறுகி, ஒரு இடத்தில் வெடித்திருந்தது. ஓடை அங்கே சேராவிட்டால் அந்த வெடிப்பு தெரியாமலே போயிருக்கும்.

சரிசெய்தது சுலபம். மக்கலை அள்ளி, இரண்டு துளையிலும் கெட்டிக் கம்பி விட்டுக் குத்தி, குழாய்த் தண்ணீர் விட்டு இரு பக்கமும் டயருக்குப் பின்னால் கொட்டுகிறதா என்று பார்த்தேன். ரப்பர் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது; பழையதை உருவிவிட்டுப் புதியதை அழுத்திவிட்டேன். காயிலின் வளையம் புதிதாகக் கிடைக்காததால், தன்னிடம் கிடந்த பழைய பூட்டுகளோடு வந்ததில் நன்றாக இருந்த ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார் மெக்கானிக். துளைகளை அப்போது மட்டும் துணியால் அடைத்துவிட்டு அதே பவுடர், அதே மக்கில் தண்ணீர். பட்டை தாங்கியது, தண்ணீர் ஓரமாகப் போய்ப் பக்கத்தில் இறங்கியது. துணியை மறக்காமல் உருவிவிட வேண்டும், சொல்லிவிட்டேன்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல பைக்குகளில் பிளக் உட்காரும் பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். முன் டயர் அள்ளி வீசும் சேறு அதை அடைத்துவிடும். பெரிய மழையில் ஓடி நின்ற பைக் மறுநாள் உதைத்து உதைத்துக் கிளம்பினால், பிளக் கேப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தத் துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். மளமளவென்று வடியும். சில கார் என்ஜின்களிலும் இப்படித் துளை உண்டு. என்னுடையதில் இல்லை, தேடிப் பார்த்தாயிற்று.

வாட்டர் வாஷ் கடையில் இப்போது பானட் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ஜின் அழுக்காக இருந்தால் வீட்டில் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். அப்புறம் சில பெருமழை போயிற்று, வண்டியை வேண்டுமென்றே மூக்கு பள்ளமாகவே நிறுத்துகிறேன். காலையில் மூன்றாவது காயிலைத் தூக்கி ஈர்க்குச்சி விட்டால் காய்ந்து வருகிறது. ஜாலிக்குள் மட்டும் மாதம் ஒருமுறை கைவிட்டு இலையை அள்ள வேண்டியிருக்கிறது.